நாற்பது மணி நேரமும் ஒரு பாட்டியும்

ஜனவரி முதல் வாரத்தில் சிங்கப்பூரின் எந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போனாலும் அநேகமாக இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இடைவேளை மணி அடிக்கிறது. தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்து இரண்டு நாளே ஆன பிள்ளைகள் வரிசையாகச் சிற்றுண்டிச்சாலைக்கு வருகிறார்கள். சட்டை ஒரு சுற்றுப் பெரிது. வளர்கிற பிள்ளை என்று பார்த்து வாங்கியது. ஒவ்வொருவரின் கையையும் மேல்வகுப்புப் பிள்ளை ஒன்று பிடித்திருக்கிறது. சிலர் சட்டைப் பையில் காசைத் துழாவுகிறார்கள், சிலர் கைக்கடிகாரத்தைக் கருவியில் தட்டிப் பணம் செலுத்துகிறார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே பெற்றோர் கூட்டம். அரைநாள் விடுப்பு எடுத்து வந்த அப்பாக்கள், கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிய அம்மாக்கள், பணிப்பெண்கள், தாத்தாக்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே ஒரு தலையைத்தான் தேடுகிறது.

சுவா சூ காங்கில் உள்ள ஒரு பள்ளியில் அந்தக் கயிற்றுக்கு உட்பக்கம் தொண்டூழியராக நான் நின்றிருந்த ஆண்டில், வெளிப்பக்கம் ஒரு பாட்டி நின்றார். கைத்தறிச் சேலை, கையில் எவர்சில்வர் டப்பா. என் முகத்தைப் பார்த்ததும் தமிழன் என்று தெரிந்துகொண்டார். "தம்பி, அந்தா மூணாவது மேசையில இருக்கான் பாருங்க, நூடுல்ஸ அளைஞ்சுக்கிட்டு. ஒரு வாய் உள்ள போகல. நான் வந்து ஊட்டிவிட்டுட்டுப் போயிரட்டுமா?" என்றார். அனுமதி இல்லை, பாட்டிம்மா என்றேன். அப்படியானால் நீங்களாவது ஊட்டுங்கள் என்று டப்பாவை நீட்டினார். அதற்கும் அனுமதி இல்லை. பையன் கடைசியில் தானாகவே சாப்பிட்டு முடித்தான். பாட்டி டப்பாவை மூடிக்கொண்டு, "நாளைக்கும் இந்நேரந்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் உள்ளே நின்றதும் அவர் வெளியே நின்றதும் எதனால் என்று அன்று யோசிக்கவில்லை. என்னிடம் பெற்றோர் ஆதரவுக் குழுவின் அட்டை இருந்தது. அவரிடம் இல்லை. பள்ளியின் கணக்கில் அந்தப் பிள்ளைகளின் கல்வியில் பங்கேற்றவன் நான். ஆனால் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, தலைவாரி, பத்தாவது மாடியிலிருந்து மின்தூக்கியில் கூட்டிவந்து, மதியம் வீட்டுக்கு அழைத்துப் போய், 'இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க' என்று கேட்டவர் அவர். பள்ளி வாழ்வில் குடும்பத்தின் பங்கு என்று நாம் சொல்வது எதை? கண்ணுக்குத் தெரிகிற உதவியையா, தெரியாத உழைப்பையா? ஒரு நகரை, அதில் சில ஆண்டுகள் நான் பழகிய பள்ளிச் சூழலை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

சுவா சூ காங் என்ற பெயருக்குள்ளேயே ஒரு குடும்பம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சியூ சீனர்கள் ஆற்றோரக் காடுகளைத் திருத்திக் கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் ஒரு தலைவர். அவருடைய குலப்பெயரோடு, வீட்டையும் ஆற்றையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து இடத்துக்குப் பெயராக்கினார்கள். சுவா குலத்தாரின் ஆற்றங்கரைக் குடியிருப்பு என்பதே இந்தப் பெயரின் பொருள். தோட்டங்கள் போன பிறகு கிராமங்களும் கோழிப்பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்த வட்டாரமாக இருந்தது. நகர மக்கள் அந்தப் பக்கம் போனது பெரும்பாலும் இடுகாட்டுக்குத்தான். பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரைக் கட்டியது. 1990இல் எம்ஆர்டி ரயில் வந்தது. இளம் தம்பதிகள் சாவியை வாங்கிக்கொண்டு குடிவந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிகள் எழும்பின.

அடுக்குமாடி நகரில் ஊர் என்பது தானாக அமைந்துவிடுவதில்லை. தமிழர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இனவாரியாகப் பிரிந்து வாழும் பேட்டைகள் உருவாகக்கூடாது என்பது நோக்கம். அது நல்ல நோக்கம், பலனும் தந்திருக்கிறது. அதனாலேயே சுவா சூ காங்கில் தமிழ்த் தெரு என்று ஒன்று கிடையாது. மளிகைக்கும் பூவுக்கும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு ரயிலேறவேண்டும், கோயிலுக்குச் சுங்கை காடுட் அரசகேசரி சிவன் கோயில்வரை போகவேண்டும். ஒரு மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் அதிகம். இப்படிச் சிதறி வாழ்கிற குடும்பங்கள் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற இடம், பள்ளிக்கூட வாசல். பகல் ஒன்றரை மணிக்கு அங்கே போய் நின்று பார்த்தால் தெரியும். சாவடியும் குளத்தங்கரையும் டீக்கடையும் செய்யவேண்டிய வேலையை அந்த வேலியோரம் செய்கிறது.

பள்ளிக்கூடம் சமூகத்துக்குச் சொந்தமாகவே இருந்த காலம் ஒன்று இந்தத் தீவில் இருந்தது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் போகிறவர்கள் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை. அதன் முகவரி கடையநல்லூர்த் தெரு, 1ஆம் எண். அன்றைய தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தனியாக வந்து, சம்பாதித்து, ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். கடையநல்லூர் என்ற ஊரின் முஸ்லிம்களோ மனைவி மக்களோடு வந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் உழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். குடும்பமாக வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டில், 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். உயர்நிலைவரை தமிழில் கற்பித்த பள்ளியாக அது வளர்ந்தது. அந்தச் சமூகத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையே கயிறு எதுவும் கிடையாது. சுவரும் பெஞ்சும் எழுப்பிய காசு அவர்களுடையது.

அந்த உலகத்தை நான் பொன்னுலகமாக்க விரும்பவில்லை. அன்றைய தமிழ்ப் பள்ளிகள் பலவும் ஓரறை, ஈரறைப் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் குறைவு, படித்து முடித்தவருக்கு வேலை கிடைப்பது அரிது. பெற்றோர் தாமாகவே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். சேர்க்கை சரிந்து உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டபோது, தமிழ் வழிப் பள்ளி என்று சிங்கப்பூரில் எதுவும் மிஞ்சவில்லை. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. தமிழ், தாய்மொழிப் பாடம். ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், ஐந்நூறுக்கும் அதிகமான தமிழ்ப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றால் கட்டடம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பள்ளியின் உயிர் என்று எல்லாமே மேசைக்கு வரும். இங்கே பள்ளி அரசினுடையது. கட்டடம் உறுதியானது, ஆசிரியர் பயிற்சி பெற்றவர், குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது, பலவகைக் கட்டணம் மட்டுமே. நாம் நிறையப் பெற்றோம். பெற்றதோடு, சொந்தக்காரர் என்ற இடத்திலிருந்து விருந்தினர் என்ற இடத்துக்கும் நகர்ந்தோம்.

அந்த விருந்தினரை உள்ளே அழைக்கவேண்டும் என்று கல்வி அமைச்சே எண்ணத் தொடங்கியது 1990களின் இறுதியில். 1998 டிசம்பரில், பள்ளிகளுக்குச் சமூகமும் பெற்றோரும் துணைநிற்பதை ஊக்குவிக்க 'காம்பஸ்' என்ற ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டது. பள்ளிதோறும் பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் தோன்றிய காலம் அது. பெயரைக் கவனியுங்கள்: சங்கம் இல்லை, நிர்வாகக் குழு இல்லை, ஆதரவுக் குழு. பள்ளி முடிவெடுக்கும், குழு கைகொடுக்கும். 2000இல் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறி 2003 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் ஒற்றை நேரப் பள்ளிகளாயின. இந்தக் கடைசி மாற்றத்தைப் பலர் பெரிதாகப் பேசுவதில்லை. காலைப் பள்ளி, மதியப் பள்ளி என்று ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் நடந்தபோது, காலைப் பிள்ளையின் அம்மாவுக்கு மதியப் பிள்ளையின் அம்மாவைத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வாசலில் ஒரே கூட்டம் சேர்ந்தது.

குழு என்ன செய்கிறது? காலையில் சாலை கடக்கும் இடத்தில் நிற்கிறது. நூலகத்தில் தொடக்கநிலை ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறது. ஜூலை 21, இன நல்லிணக்க நாளில் பிள்ளைகளுக்குச் சேலை கட்டிவிடுகிறது. ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்கிறது. சொல்லும்போது சின்ன வேலைகள். என் குழுவின் தலைவியாக இருந்த மலாய்க்காரத் தாய் ஒருவர், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாள் இடைவேளையில் எதுவும் வாங்காமல் தண்ணீர்க் குழாயருகே நிற்பதைக் கவனித்தார். பையனிடம் எதுவும் கேட்கவில்லை. வகுப்பாசிரியரிடம் மட்டும் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் அவனும் தட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்தான். ஆயிரம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒருவன் சாப்பிடாமல் நிற்பதைப் பார்க்க, அங்கே நிற்க நேரமுள்ள ஒரு தாயின் கண் வேண்டியிருந்தது. பெற்றோர் ஆதரவுக் குழு என்றாலே சலிப்போடு பேசுகிறவர்களிடம் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

இதே தொண்டூழியத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தொடக்கநிலை ஒன்றுக்கான சேர்க்கை பல கட்டங்களாக நடக்கிறது. அதில் '2பி' என்ற கட்டம், பள்ளிக்குத் தொண்டூழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் உரியது. சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு ஜூலை முதல் தேதிக்குள் தொண்டூழியராகப் பதிந்துகொள்ளவேண்டும். சேர்க்கை ஆண்டின் ஜூன் முடிவதற்குள் குறைந்தது 40 மணி நேரம் தொண்டாற்றியிருக்கவேண்டும். அதாவது, பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும்போதே அம்மாவோ அப்பாவோ தொடக்கப்பள்ளியில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு நல்லது தேடும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த 40 மணி நேரத்துக்காக வந்து, பிறகு ஆறாண்டும் தங்கிப்போன பெற்றோரை எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கணக்கு என்று ஒன்று வந்துவிட்டால், பங்கேற்பு என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. கையெழுத்துத் தாளில் 'வந்த நேரம், போன நேரம்' என்று எழுதக்கூடியதே பங்கேற்பு என்று ஆகிறது. பாட்டியின் பத்தாவது மாடி உழைப்புக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. பகல் 10 மணிக்குப் பள்ளியில் நிற்க முடிந்தவர்கள் யார் என்ற கேள்விக்கும் இல்லை.

எங்கள் தமிழ்ப் பெற்றோரில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். விடியலுக்கு முன்பே வண்டி எடுக்கவேண்டும். ஒருவர் தாதி, இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற நேரம் பள்ளி நேரம். ஒருவர் சுங்கை காடுட்டில் மரப்பட்டறையில் மேற்பார்வையாளர். இவர்கள் வராததை 'அக்கறை இல்லை' என்று படிப்பது எளிது; அது பிழையான வாசிப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 1989இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். நடுத்தர வர்க்கப் பெற்றோர் கல்வியைத் தாங்களும் ஆசிரியரும் சேர்ந்து செய்கிற வேலையாக நினைக்கிறார்கள். உழைக்கும் வர்க்கப் பெற்றோர் அதை ஆசிரியரின் வேலை என்று நம்பி முழுமையாக ஒப்படைக்கிறார்கள் என்று அவர் கண்டார். நமக்கு இது புதிய செய்தி இல்லை. 'கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க சார்' என்று பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட அப்பாக்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அந்த வாசகத்தில் இருக்கிற அடியை மறந்துவிட்டு, அதற்குள் இருக்கிற நம்பிக்கையை மட்டும் எடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரியாததை நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள் என்ற முழு நம்பிக்கை அது. சிங்கப்பூர் ஆய்வாளர் டியோ யூ யென் 2018இல் எழுதிய சமத்துவமின்மை பற்றிய நூலும், வாடகை வீடுகளில் வாழும் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதையும், பள்ளி எதிர்பார்க்கும் விதத்தில் அதைக் காட்ட அவர்களிடம் நேரமும் வசதியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

2020 ஏப்ரலில் கயிறு திசை மாறியது. கோவிட் கிருமிப் பரவலால் பள்ளிகள் மூடி, 8ஆம் தேதி முதல் வீட்டிலிருந்தே கற்றல் என்று ஆனது. அதுவரை குடும்பம் பள்ளிக்குள் வர அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது பள்ளி வீட்டுக்குள் வந்தது. மூன்றறை வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறையாயிற்று. ஒரு கணினி, மூன்று பிள்ளைகள் என்று இருந்த வீடுகளுக்குப் பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுத்தன. ஆசிரியர்கள் தங்கள் மாணவரின் வீடு எப்படி இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்தார்கள். பின்னணியில் அழுகிற குழந்தை, ஓடுகிற மின்விசிறி, குக்கர் விசில். என் மகளின் தமிழ் வகுப்பில் ஒருநாள் ஆசிரியை 'தாளிப்பது' என்ற சொல்லை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பையன் எழுந்து திரையை அடுப்பங்கரைக்குத் திருப்பினான். அங்கே அவன் பாட்டி கடுகு தாளித்துக்கொண்டிருந்தார். சட்டியில் கடுகு வெடிக்கும் சத்தம் பதினான்கு வீடுகளில் கேட்டது. அந்தப் பாட்டி யார் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எவர்சில்வர் டப்பா பாட்டி.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. தமிழை அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். பத்தாண்டில் நடந்த மாற்றம் இது. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் துணைப்பாட வகுப்பு உண்டு, பயிற்சி நூல் உண்டு, படித்த அப்பா உண்டு. தமிழுக்குப் பேச ஆள் வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் தாய்மொழி வாய்மொழித் தேர்விலேயே ஒரு காணொளியைக் காட்டி அதைப்பற்றி உரையாடச் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்து போய் உரையாட முடியாது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் வகுப்பறைக்குள் பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்றது. அந்தப் பேச்சுத் தமிழின் ஊற்று எந்த வீட்டில், யாருடைய வாயில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா அம்மாவிடம்கூட இல்லை. வேலைக்குப் போய் வருகிற அவர்கள் பிள்ளையிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. பள்ளியின் மற்ற எல்லாப் பாடங்களிலும் அவர்கள் 'படிக்காதவர்கள்'. இந்த ஒரு பாடத்தில் ஆசிரியருக்கு அடுத்த அறிஞர்கள்.

தமிழ் வகுப்புக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. பொது வகுப்பு ஒவ்வொன்றிலும் மூன்றோ நான்கோ தமிழ்ப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளம், உருது எடுக்கிற இந்தியப் பிள்ளைகள் வேறு. தாய்மொழிப் பாட நேரம் வந்ததும் ஆறேழு வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துவந்து ஓர் அறையில் சேர்கிறார்கள். பள்ளியின் தமிழாசிரியர்கள் சிலரே. அதனால் ஒரே ஆசிரியை அக்காவுக்கும் கற்பித்திருப்பார், தம்பிக்கும் கற்பிப்பார். ஒரே பிள்ளையை இரண்டு மூன்று ஆண்டுகூடத் தொடர்ந்து பார்ப்பார். அந்த வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் அவருக்குத் தெரியும். தாத்தா இறந்த சேதி தெரியும். வகுப்பாசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார், தமிழாசிரியை அநேகமாக மாறுவதில்லை. குடும்பமும் பள்ளியும் சேர்வது எப்படி என்று பெரிய பள்ளிகள் தேடிக்கொண்டிருக்கிற உறவு, அந்தச் சின்ன அறையில் யாரும் திட்டமிடாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் குடும்பப் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரித்தார். பள்ளிக்கு வந்து தொண்டாற்றுவது அதில் ஒன்று மட்டுமே. வீட்டில் கற்க உதவுவது இன்னொன்று, பள்ளியின் முடிவுகளில் பங்குபெறுவது மற்றொன்று. நாம் தொண்டாற்றுவது ஒன்றையே பெரிதாக எண்ணி மற்றவற்றைச் சும்மா விட்டுவிட்டோம்.

முடிவுகளில் பங்கு என்றதும் தமிழகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் திரண்டு தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள், மதிய உணவுக்கு அரிசி அளந்தார்கள். பிறகு 2009இன் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதே அந்தக் குழுவின் வேலை. 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, பல பள்ளிகளில் தலைவராக வந்தவர் ஒரு தாய். கூலி வேலைக்குப் போகிற தாய் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லலாம். சட்டத்தில் உள்ளது உள்ளபடி எல்லா ஊரிலும் நடக்கிறது என்று நான் நம்பவில்லை. கையெழுத்து வாங்குவதோடு முடிகிற கூட்டங்கள் உண்டு. ஆனால் அந்த நாற்காலி சட்டப்படி அவருடையது. இங்கே கழிப்பறையில் தண்ணீர் வராமல் போவதில்லை. நாற்காலியும் இல்லை.

சிங்கப்பூருக்கு அந்த முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. நான் கேட்பது சின்ன முடிவுகளில் இடம். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பை எந்த நேரத்தில் வைப்பது என்பதைப் பெற்றோரிடமே கேட்கலாம். முறைவேலை செய்கிறவர்களுக்கு ஒரு சனிக்கிழமைக் காலையோ ஒரு மாலையோ ஒதுக்கலாம். தாத்தா பாட்டி பிள்ளையை வளர்க்கிற வீட்டுக்கு அழைப்பு அவர்கள் படிக்கிற மொழியில் போகலாம். 2019இல் வந்த 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலி நல்ல கருவி. முன்பெல்லாம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடந்த அனுமதிச் சீட்டு இப்போது கைப்பேசிக்கு வருகிறது. ஆனால் அது அப்பா அம்மாவின் கைப்பேசிக்குத்தான் வருகிறது, பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவருக்கு வருவதில்லை. 2024இல் புதுப்பிக்கப்பட்ட பள்ளி, குடும்பப் பங்காளித்துவ வழிகாட்டி, ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தரவேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லவேண்டியதில்லை என்கிறது. இதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். இரவு 11 மணிக்கு 'நாளைக்கு எந்தச் சட்டை?' என்று கேட்ட பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கதவை மூடும்போதே, பகலில் வரமுடியாதவருக்கு வேறொரு கதவைத் திறந்துவைக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. 1991இல் தொடங்கிய சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் வார இறுதிகளில் துணைப்பாட வகுப்பு நடத்தி, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் சந்திக்கிறது. முடியாத காரியமில்லை.

தாய்மொழி இருவாரத்தின்போது எங்கள் பள்ளியின் தமிழாசிரியை அந்தப் பாட்டியை அழைத்தார். ஆதரவுக் குழுவில் சேரச் சொல்லவில்லை. ஒரு பாடவேளைக்கு வாருங்கள், உங்கள் ஊரில் சமையலுக்கு என்னென்ன வைத்திருந்தீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார். பாட்டி காவலர் அறையில் அடையாள அட்டையைக் காட்டி, சட்டையில் ஒட்டும் வருகையாளர் சீட்டைச் சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்தார். கையில் தேக்காவில் வாங்கிய புத்தம்புது மூங்கில் முறம். ஒரு படி அரிசியைக் கொட்டி, கல்லும் குருணையும் தனியே ஒதுங்கும்படி அவர் புடைத்த வேகத்தில் பிள்ளைகள் வாய்மூடிப் போனார்கள். "இதுக்குப் பேரு என்ன?" என்றார் ஆசிரியை. பாடநூல் படித்த ஒரு பெண் "முறம்" என்றாள். பாட்டி நிமிர்ந்து, "நாங்க சுளகும்போம்" என்றார். அவருக்குத் தென்காசிப் பக்கம். அவர் பேரன் எழுந்து நின்று, "டீச்சர், என்ன ள?" என்று கேட்டான். ல, ள, ழ மூன்றும் அவனுக்குப் பெரும் தொல்லை. ஆசிரியை பாட்டியைப் பார்த்தார். பாட்டி நாக்கை மடித்து, மெதுவாக, மூன்று தரம் சொல்லிக்காட்டினார். வகுப்பு முழுதும் திருப்பிச் சொன்னது. அடுத்த வாரம் சொல்வதெழுதுதலுக்கு வீட்டுக்குப் போன தாளில் பத்துச் சொற்கள் இருந்தன. ஒன்பது பாடநூலிலிருந்து. பத்தாவது, சுளகு.